பழுது எங்கே? இணையக் கோளாறு அறியும் முறைகளின் வரலாறு

இணையம் கிடைக்காத மடிக்கணினியைச் சோதிப்பவர்கள், அக்கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா, வீட்டு ரூட்டர் பதில் தருகிறதா, தொலைவிலுள்ள கணினி ஒன்றை எட்ட முடிகிறதா, தளங்களின் பெயர்கள் முகவரிகளாக மாறுகின்றனவா என்று படிப்படியாகப் பார்ப்பது வழக்கம். ஒரே கையேட்டில் பிறந்தவைபோலத் தோன்றும் இப்படிகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகச் சேர்ந்தவை. பழுதைத் தேடும் பொறுப்பு வலைப்பின்னலின் மையத்திலிருந்து விளிம்பில் இருக்கும் பயனாளரிடம் வந்து சேர்ந்த வரலாறு அவற்றில் பதிந்துள்ளது.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969இல் அமெரிக்காவில் தொடங்கியபோது, 'இம்ப்' எனப்பட்ட சிறு கணினிகள் தரவைச் சிறு பொதிகளாகப் பெற்று அனுப்பின. அவற்றை உருவாக்கிய பிபிஎன் நிறுவனம் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் கட்டுப்பாட்டு மையம் ஒன்றை நடத்தியது. ஒவ்வொரு இம்பும் தன் நிலையை அம்மையத்துக்குத் தொடர்ந்து தெரிவித்தது. அனுப்பிய தரவு புறப்பட்ட இடத்துக்கே திரும்புமாறு தடத்தை மடக்கிச் சோதித்ததால், கோளாறு இம்பிலா, மோடத்திலா, தொலைபேசித் தடத்திலா என்பதை மையத்தில் இருந்தவர்களே பிரித்தறிந்தனர்.

1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் டிசிபி/ஐபி விதிமுறைக்கு மாறியது. பல உரிமையாளர்களின் வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று இணைக்கவே வகுக்கப்பட்ட அவ்விதிமுறையில், முழுவதையும் பார்க்கக்கூடிய மையம் எதுவும் இல்லை. அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது, 1981இல் ஜான் போஸ்டெல் எழுதி வெளியிட்ட ஐசிஎம்பி என்னும் துணை விதிமுறை. கோளாறுச் செய்திகளோடு, பெற்றதை அப்படியே திருப்பி அனுப்பக் கோரும் எதிரொலிச் செய்தியும் அதில் இடம்பெற்றது. அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மியூஸ், 1983 டிசம்பரில் வலைப்பின்னல் ஒன்றின் விசித்திரமான நடத்தையை ஆராய்வதற்காக, அந்த எதிரொலிச் செய்தியைப் பயன்படுத்தி 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். மறுமுனை பதில் தருகிறதா, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பவற்றை எந்த முனையிலிருந்தும் அறிய அது வழிசெய்தது.

பாதை எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பிங் காட்டாது. அதற்கு விடை தந்த 'டிரேஸ்ரூட்' நிரலை, ஸ்டீவ் டீரிங்கின் யோசனையைப் பின்பற்றி வான் ஜேக்கப்சன் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கினார். ஒவ்வொரு பொதியிலும் அதன் ஆயுளைக் குறிக்கும் எண் இருக்கும்; கடக்கும் ரூட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் குறைத்து, எண் தீர்ந்ததும் பொதியைக் கைவிட்டு அனுப்புநருக்குத் தெரிவிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என ஆயுளைக் கூட்டியபடி பொதிகளை அனுப்பினால், வழியிலுள்ள ரூட்டர்கள் வரிசையாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும்.

பெயர், முகவரி ஆகிய இரண்டும் பின்னர் சோதனைக்குரியவையாயின. கணினிகளின் பெயர்ப் பட்டியல் கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பராமரிக்கப்பட்டு வந்தது. வலைப்பின்னலின் வளர்ச்சிக்கு அது ஈடுகொடுக்காததால், பட்டியலைப் பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஎன்எஸ் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் முன்வைத்தார். கணினிக்கு முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி 1993இல் வந்தது. அதனிடமிருந்து முகவரி கிடைக்காதபோது, விண்டோஸ் உள்ளிட்ட இயங்குதளங்கள் 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்கின்றன; அவ்வெண் தெரிந்தால், கோளாறு கணினிக்கும் ரூட்டருக்கும் இடையிலேயே இருக்க வாய்ப்பு மிகுதி என ஊகிக்கலாம்.

இன்று இச்சோதனைகளில் பலவற்றை இயங்குதளமே செய்து முடிக்கிறது. விண்டோஸ் விஸ்டாவில் அறிமுகமான ஏற்பாட்டின்படி, கணினி மைக்ரோசாஃப்ட் வழங்கியிலிருந்து சிறு கோப்பொன்றைப் பெற முயன்று, அது கிடைப்பதைக் கொண்டே இணையம் உண்டா இல்லையா என்று அறிவிக்கிறது. அந்த வழங்கிக்கான வழி மட்டும் அடைபட்ட வலைப்பின்னலில், பிற தளங்கள் திறந்தாலும் இணையம் இல்லை என்ற அறிவிப்பு தோன்றக்கூடும். பயனாளரின் மேசைக்கு வந்து சேர்ந்த சோதனை இவ்வாறு மீண்டும் ஒரு மையத்தைச் சார்ந்து நிற்பதால், அந்த அறிவிப்பைச் சரிபார்க்கப் பழைய படிகள் இன்றும் தேவைப்படுகின்றன.