திரை

கடலின் அலை திரை. முதுமையில் விழும் தோல் சுருக்கமும் திரை. நரையோடு சேர்த்தே அதைச் சொல்வோம். பால் முறிந்தால் 'திரைந்துவிட்டது' என்கிறோம். சுருங்குதல், மடிதல், அலையலையாதல் என்பதே இச்சொல்லின் உயிர். மறைக்கும் துணிக்கு இப்பெயர் பொருந்துவதும் அந்த மடிப்பால்தான். சன்னலின் அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி எடுக்கச் சொல்லும் தையற்காரர் கணக்கு சரியானது. அளவாக வெட்டினால் அது வெறும் சீலை. மடிப்பு விழுந்தால்தான் திரைச்சீலை.

பழைய சொல் எழினி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூன்று எழினிகளைச் சொல்கிறது. ஒருபுறம் இழுப்பது ஒருமுக எழினி, இருபுறமிருந்து வந்து கூடுவது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய ரோலர் பிளைண்டுக்குக் கரந்துவரல் எழினியைவிட நல்ல பெயர் உண்டா? படுதா உருதுவழி வந்தது. ஜன்னல் போர்த்துக்கீசியம். நம் பழஞ்சொல் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

உத்தமபாளையத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலையிறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கில் பாயும் காற்று, மெல்லிய நைலான் திரையைக் கம்பியோடு சுருட்டிவிடும். ரோலர் பிளைண்டோ சட்டத்தில் மோதிக்கொண்டே இருக்கும். மேற்குப் பார்த்த சன்னலுக்குக் கனத்த பருத்தித் துணியே ஏற்றது. கீழ்மடிப்பை அகலமாக வைத்துத் தைத்தால் அந்தக் கனத்தில் துணி நின்று தொங்கும், ஆடி மாதத்திலும் காற்றை அடைக்க வேண்டியிராது.