ஷோரூமுக்கு வராத வண்டி

பொங்கலுக்கு கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த என் மகள், ஊருக்குத் திரும்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "அடுத்த வண்டி வாங்குனா ப்ளக்-இன் ஹைப்ரிட்டா பாருங்கப்பா. நம்ம ஊருக்கு அதுதான் தோது."

இந்தப் பெயர் பலருக்குப் புதிதாக இருக்கும். இது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. இரவில் வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டால், மாடலைப் பொறுத்து முப்பது, நாற்பது, அதற்கு மேலும் கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடும். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். இன்று இங்கே சாதாரணமாக விற்கும் ஹைப்ரிட் கார்களுக்கு பிளக் கிடையாது. அவை ஓடும்போதே தம் சிறிய பேட்டரியை நிரப்பிக்கொள்கின்றன.

மகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எலவனாசூர்கோட்டையில் நம் ஓட்டம் எப்படி? ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், கல்யாண வீடு என்று உளுந்தூர்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் போய் வருவதுதான் அதிகம். மாதம் ஒரு முறை சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து ஓட்டத்துக்கு மின்சாரம், தூரத்துக்கு பெட்ரோல் என்றால் நமக்கென்றே செய்தது போல இருக்கிறது.

விழுப்புரம், சேலம், புதுச்சேரி என்று சில ஷோரூம்களுக்குப் போன் செய்தேன். "அந்த மாடல் நம்மகிட்ட வர்றதில்ல சார்" என்றார்கள். ஒரு தம்பி, "எலெக்ட்ரிக்கா சார், ஹைப்ரிட்டா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார். அவர்மேல் குறையில்லை. கடையில் இல்லாததை அவர் எப்படி விற்பார்? ஏன் இல்லை என்பதற்குப் பதில் தேடினால், அது நம் அப்பாக்கள் காலத்திலிருந்து தொடங்குகிறது.

கேட்ட வண்டி கிடைக்காதது நமக்குப் புதிதல்ல. 1953-ல் சுங்க வரி ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டமுள்ள கம்பெனிகளுக்கு மட்டும் அனுமதி என்று மத்திய அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் தங்கள் அசெம்பிளி வேலையை மூடிவிட்டுப் போயின. வெகு காலத்துக்கு கார் என்றால் அம்பாஸடர், ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று மூன்றுதான். யாருக்கு, எந்த வரிசையில் விற்கலாம் என்பதற்கே 1959-ல் காருக்கும், 1960-ல் ஸ்கூட்டருக்கும் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதையும் லைசென்ஸ்தான் தீர்மானித்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து ஆண்டு வரை காத்திருந்தவர்கள் உண்டு.

என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1975-ல் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார். அலாட்மென்ட் கடிதம் 1983-ல் வந்தது. அப்போது அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. எட்டு வருடமாக சைக்கிளில் பள்ளிக்கூடம் போன மனிதர், "இனிமே எதுக்குடா?" என்று சிரித்தார். அந்தக் கடிதத்தைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வந்தது. அவர் விற்கவில்லை. வண்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். வங்கி வேலையில் சேர்ந்ததும் நான் ஓட்டிய முதல் வண்டி அதுதான்.

அதே 1983-ல் மாருதி 800 வந்தது. முன்பணம் 10,000 ரூபாய் கட்டி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். அந்த டிசம்பர் 14-ம் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 1991-ல் தொழில் கொள்கை மாறியது. 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம் என்றானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதன்பின் காத்திருப்பது நாமல்ல, ஷோரூம்காரர் என்ற நிலை வந்தது. பணமிருந்தால் வண்டி உண்டு என்று நாமும் நம்பத் தொடங்கினோம்.

ப்ளக்-இன் ஹைப்ரிட்டின் கதை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைக்கிறது. இன்ஜினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் வைப்பது பழைய யோசனை; ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-ஐ ஒட்டியே செய்து பார்த்துவிட்டார். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் வந்தது. அதற்கு பிளக் இல்லை. பிளக் வைத்து, தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாரித்த முதல் கார் சீனாவின் பிஒய்டி 2008 டிசம்பரில் விற்பனைக்கு விட்ட எஃப்3டிஎம். முதலில் அரசு அமைப்புகளும் நிறுவனங்களும்தான் வாங்க முடிந்தது. தனியாருக்கு விற்றது 2010-ல்தான்.

அதே 2010 டிசம்பரில் அமெரிக்காவில் செவ்ரோலே வோல்ட் வந்தபோது, அதன் சொந்த நாட்டிலேயே எல்லா டீலரிடமும் அது இல்லை. கலிஃபோர்னியா, டெக்சஸ், மிச்சிகன், நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் மட்டும் முதலில் விற்றார்கள். அந்தப் பட்டியலில் கலிஃபோர்னியா எப்போதும் முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு. புகையில்லா வண்டிகளையும் ஒரு பங்கு விற்றே ஆக வேண்டும் என்று 1990-லேயே அந்த மாநிலம் கம்பெனிகளுக்கு விதி போட்டது. என் மகளுக்குத் தெருமுனை ஷோரூமில் கிடைத்த வண்டிக்குப் பின்னால் முப்பது ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் இந்த வகை எப்படி வந்தது? 2015-ல் பிஎம்டபிள்யூ ஐ8, விலை 2 கோடிக்கு மேல். 2016-ல் வோல்வோ எக்ஸ்சி90 டி8, ஒரு கோடிக்கு மேல். 2022-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்எம், அதுவும் 2 கோடிக்கு மேல். நம் ஓய்வூதியக் கணக்கில் அடங்குகிற விலையா இது?

வரியையும் பார்ப்போம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு செஸ் சேர்த்து 43 சதவீதம். முழு மின்சாரக் காருக்கு 12 சதவீதம். அது 2019 ஆகஸ்டில் 5 சதவீதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், பெரிய ஹைப்ரிட்டுக்கு 40 சதவீதம் ஆனது. மின்சாரக் காருக்கு அதே 5 சதவீதம்தான். பாதி மின்சாரத்தில் ஓடும் வண்டிக்குப் பாதிச் சலுகைகூட இல்லை. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஹைப்ரிட், ப்ளக்-இன் ஹைப்ரிட் கார்களுக்குப் பதிவு வரியை நீக்கியது. அது ஒரு மாநிலத்தின் முடிவு.

இனி டீலர் பக்கத்துக் கணக்கு. வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் இது எனக்குப் பழக்கம். ஷோரூமில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் வங்கிப் பணம்தான் இருக்கும். விற்கும் வரை தினமும் வட்டி ஏறும். பத்து நாளில் போகும் வண்டியில் லாபம் நிற்கும்; மூன்று மாதம் நின்றால் லாபத்தை வட்டி தின்றுவிடும். அதோடு இந்த வண்டிக்கு இன்ஜினும் தெரிந்து உயர் அழுத்த பேட்டரியும் தெரிந்த மெக்கானிக் வேண்டும், தனிக் கருவிகள் வேண்டும், உதிரி பாகம் வேண்டும். வருடத்துக்கு இரண்டு பேர் கேட்பதற்காக எந்த டீலரும் இந்தச் செலவைச் செய்ய மாட்டார். வண்டி இல்லாததால் கேட்பவர் இல்லை, கேட்பவர் இல்லாததால் வண்டி வருவதில்லை.

அப்பா காலத்தில் லைசென்ஸ் தடுத்தது. இன்று வரிப் படியும் வட்டிக் கணக்கும் தடுக்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அன்று வரிசையில் நமக்கு ஒரு நம்பர் இருந்தது. எட்டு வருடம் கழித்தாவது கடிதம் வந்தது. இன்று வரிசையே இல்லை. கடைக்கு வராத பொருளை வேண்டும் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. அதனால்தான் பெரிய நகரத்தின் தேவை மட்டும் கணக்கில் ஏறுகிறது, நம்மைப் போன்ற ஊர்களின் தேவை ஏறுவதில்லை.

நான் என்ன செய்தேன்? பழைய வண்டியை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவது என்று முடிவு. ஷோரூம் தம்பியிடம் என் பெயரையும் தேவையையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். யோசித்துவிட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

உறுப்பினர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். புது வகை வண்டி பார்ப்பவர்கள், சர்வீஸ் எந்த ஊரில், பேட்டரி வாரண்டி எத்தனை வருடம் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். அடுத்து, நம் சங்கப் பொது இடத்தில் தனி மீட்டரோடு ஒரு சார்ஜிங் பாயின்ட் வைப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம். எந்த வண்டி முதலில் வந்தாலும் அது பயன்படும். ஊருக்கு வண்டி தாமதமாக வரலாம். பிளக்காவது தயாராக இருக்கட்டும்.