பாதத்தைப் பார்க்கும் கண்

செங்கற்பட்டு என்றதும் ஏரியும் கோட்டையும் நம் நினைவுக்கு வரும். கிழக்கே சென்றால் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்கள் நம்மை வரவேற்கும். இந்த மண்ணுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது நெடுநாள் நோயாளிகளின் வரலாறு. இன்று நோயாளி தன் வீட்டிலிருந்தபடியே சர்க்கரை அளவைப் பார்த்துக் கைத்தொலைபேசி வழியே மருத்துவருக்கு அனுப்புகிறார். இதை நாம் புத்தம் புதிய ஏற்பாடு என்றே எண்ணுகிறோம். ஆனால் இதன் வேர்களுள் ஒன்றைச் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் காணலாம்.

திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு தொழுநோய் மருத்துவ விடுதி இருந்தது. 1955இல் மத்திய அரசு அதனை ஏற்று ஆராய்ச்சி, பயிற்சி நிலையமாக்கியது. அதற்கு முன்பு அங்குப் பணிபுரிந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின் பேரில், 1947ஆம் ஆண்டளவில் வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கு வந்தார். மடங்கிய விரல்களையும் புண்பட்ட பாதங்களையும் கண்டு அவர் திகைத்தார். பின்னர் வேலூரில் அவர் நடத்திய ஆய்வுகள் பழைய நம்பிக்கையொன்றைத் தகர்த்தன. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை; நரம்பு உணர்ச்சியை இழப்பதே கேட்டுக்குக் காரணம். வலி தெரியாதவன் முள்ளின்மேல் நடக்கிறான். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறான். கடிக்கும் செருப்பைக் கழற்றாமலே காதவழி செல்கிறான். ஆகவே மருந்தோடு மற்றொன்றும் தேவைப்பட்டது. நோயாளி நாள்தோறும் தன் பாதத்தைத் தானே சோதிக்க வேண்டும். மென்மையான ரப்பர் அடித்தட்டுள்ள செருப்பை அணிய வேண்டும். வலி செய்ய வேண்டிய காவலைக் கண் ஏற்றுக்கொண்டது.

அடுத்த படி சென்னையில் நிகழ்ந்தது. காசநோயாளியை விடுதியில் சேர்த்தே தீரவேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. படுக்கைகளோ போதவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரு பகுதி நோயாளிகளை விடுதிக்கும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்த ஏழைகள். எனினும் அவர்கள் குணமடைந்த அளவு விடுதியில் இருந்தோருக்கு ஏறக்குறைய நிகராக இருந்தது. 1959இல் வெளியான இம்முடிவு பல நாடுகளின் போக்கை மாற்றியது. அவர்கள் மருந்தை உண்டார்களா என்பதை அறிய, மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். தொலைவிலிருந்து கண்காணித்தல் என்பதற்கு அன்றைய வடிவம் இதுவே.

மீண்டும் செங்கற்பட்டுக் கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மாவட்டத்தின் தென்பகுதியில் சூணாம்பேடு இருக்கிறது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தபோது, டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அவ்வட்டாரத்தின் 42 கிராமங்களுக்கு ஒரு மருத்துவ ஊர்தியை அனுப்பியது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியும் பாதத்தின் உணர்ச்சியை அளக்கும் கருவியும் அதில் இருந்தன. கிராமத்தில் எடுத்த படம் செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவரின் பார்வைக்குச் சென்றது. 23,449 பேர் சோதிக்கப்பட்டனர். ஊரிலேயே ஒரு சிகிச்சை நிலையமும் அமைந்தது. மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் அளவு, நீரிழிவாளர்களிடையே ஓராண்டில் சராசரியாக 9.3 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது. சென்னைக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தோர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும், வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மருந்து வழங்கும் வழியைக் கைக்கொண்டது.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் ஓர் உண்மையைக் காண்கிறோம். ஊர்தி மாதத்தில் சில நாள் வரும். ஊழியர் சில நிமிடம் நிற்பார். எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளிக்குக் காவல் அவரேதான். திருமணியில் உணர்ச்சியற்ற பாதத்துக்குச் சொன்ன அறிவுரையையே இன்று நீரிழிவாளரின் பாதத்துக்கும் மருத்துவர்கள் சொல்கின்றனர். முள் குத்தியது தெரியாமல், தெரிந்த பின்னும் வீட்டாரிடம் சொல்லாமல், இறுதியில் காலையே இழந்தவர்களை நம் குடும்பங்களில் நாம் கண்டதில்லையா? நோயை மறைப்பதைக் கௌரவம் என்று கருதியதற்கு நாம் கொடுத்த விலை அது.

ஒளுச் செய்யும்போது நாளுக்குப் பலமுறை நாம் பாதங்களைக் கழுவுகிறோம். நீரிழிவு உள்ளவர் அவ்வேளையில் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை ஒருமுறை உற்று நோக்கட்டும். பார்வை மங்கிய பெரியவராயின், பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, “வாப்பா, என் காலைப் பார்” என்று சொல்லட்டும். ஒரு சிறு கொப்புளத்தை அன்றே கண்டுவிட்டால், ஒரு காலையே காத்தவர்களாவோம்.