துளை வயிற்றில், வலி தோளில்

1882 ஜூலை 15-ம் தேதி பெர்லினில் கார்ல் லாங்கென்புக் என்ற டாக்டர், 43 வயதுக்காரர் ஒருவரின் பித்தப்பையை அறுத்து எடுத்தார். உலகிலேயே அதுதான் முதல் தடவை. 16 வருஷம் வலியில் துடித்த அந்த மனிதர் மார்பியா மருந்துக்கே அடிமையாகிவிட்டிருந்தார். மறுநாள் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம்! எனக்கென்னவோ ஆபரேஷனைவிட அந்தச் சுருட்டுதான் அதிசயமாகப் படுகிறது.

1985-ல் அதே ஜெர்மனியில் எரிக் மூஹே, சிறு துளை வழியாகவே பித்தப்பையை எடுத்துக் காட்டினார். இன்று பலர் அன்று மாலையே வீடு திரும்புகிறார்கள். ஆனால் வேடிக்கை பாருங்கள், பலருக்குத் தோள் வலிக்கிறது! வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் தண்டுவடத்தைச் சேர்வதால் மூளை ஏமாந்துபோகிறது. இரண்டொரு நாளில் வாயு கரைந்துவிடும். அதுவரை டாக்டர் தரும் பாரசிட்டமாலும், கூடத்தில் மெல்ல நாலு நடையும் பெரும்பாலோருக்குப் போதும்.