கனால் டு மிடி

தென் பிரான்சில் தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்தின் தோ உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் நீளும் கால்வாய் இது. 1681-இல் திறக்கப்பட்டது. தூலூஸில் கரோன் ஆற்றோடு சேர்வதால், ஸ்பெயினைச் சுற்றாமலே அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் படகில் போக வழி பிறந்தது. 1996-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இரு கடல்களையும் இணைக்கும் யோசனை பழையது. தடையாக நின்றது தண்ணீர்தான். வழியில் உள்ள நொரூஸ் மேடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரம். படகை ஏற்றி இறக்கும் லாக் மதகுகளைத் திறக்கும்போதெல்லாம் மேட்டு நீர் கிழக்கேயும் மேற்கேயும் வடிந்துவிடும். உச்சியில் ஓயாமல் நீர் வந்தால்தான் படகு ஓடும். இதற்கு விடை கண்டவர் பியர் போல் ரிக்கே. பெசியே ஊரில் பிறந்தவர், உப்புவரி வசூல் குத்தகைதாரர், பொறியாளர் அல்லர். கருமலையின் ஓடைகளை வாய்க்கால் வெட்டி நொரூஸுக்குத் திருப்பலாம் என்று 1662-இல் அமைச்சர் கோல்பேருக்கு எழுதினார். 1666-இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணை வந்தது. ஓடை நீரைத் தேக்க சேன் ஃபெரியோலில் எழுப்பிய அணை 60 லட்சம் கன மீட்டர் கொள்ளும். இந்தக் கால்வாயில் எதை வியப்பது என்று கேட்டால், முதலில் இந்த நீர் ஏற்பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

வேலை மும்முரமாக நடந்தபோது சுமார் 12,000 பேர் உழைத்தார்கள். பெண்களும் கணிசமாக இருந்தார்கள். மாதச் சம்பளம், ஞாயிறும் மழை நாளும் நோய் நாளும் சேர்த்துக் கூலி என்பது அக்காலத்தில் கேள்விப்படாதது. நேரான சுவருள்ள மதகு மண்ணின் அழுத்தத்தில் சரிந்ததால், சுவர்களை வெளிப்புறம் வளைத்து முட்டை வடிவில் கட்டினார்கள். பெசியே அருகே ஃபோன்செரானில் இத்தகைய எட்டு அறைகள் படிக்கட்டாக இறங்குகின்றன. சொந்தப் பணத்தையும் கொட்டிக் கடனாளியான ரிக்கே, திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன் 1680 அக்டோபரில் காலமானார்.

சரக்கோடு பயணிகளும் வந்தார்கள். குதிரைகள் கரையில் இழுத்துச் செல்லும் தபால் படகில் தூலூஸிலிருந்து கடலோரம் சேர நான்கு நாளாகும். மதிய உணவுக்கு ஓர் ஊர், இரவு தங்க ஓர் ஊர் என்று நிறுத்தங்கள் வகுத்திருந்தார்கள். லெ சொமாய் அப்படி இரவுத் தங்கலாக வளர்ந்த சிற்றூர். அடுக்கு மதகுகள் வரும் இடங்களில் பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி நடந்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் வேறு படகில் ஏறுவார்கள். நேரமும் மிச்சம், மேட்டு நீரும் மிச்சம். 1787-இல் அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், தம் வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப் படகின் மேல்தளத்தில் வைத்து, அதற்குள் உட்கார்ந்தபடியே இந்த வழியில் போனார்.

1857-இல் போர்தோவிலிருந்து செத் வரை ரயில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே கால்வாயின் குத்தகை அந்த ரயில் நிறுவனத்தின் கைக்குப் போனது. போட்டியாளனிடமே சாவி போனபின் படகுத் தொழில் எப்படித் தழைக்கும்? 1879-இல் அமைச்சர் ஃப்ரெசினே நாடெங்கும் ஏறத்தாழ 39 மீட்டர் நீள மதகுகளைத் தர அளவாக்கினார். மிடியின் பெரும்பாலான பழைய மதகுகள் ஏறக்குறைய 30 மீட்டரிலேயே நின்றன. பெரிய சரக்குப் படகுகளுக்கு இடமில்லை. 1980-களில் சரக்குப் போக்குவரத்து ஓய்ந்தது.

அதே குறுகலான அளவு உல்லாசப் படகுகளுக்குப் பொருந்தியது. இன்று வாடகைப் படகை ஓட்ட உரிமம் தேவையில்லை. புறப்படுமுன் சிறிது நேரம் பழக்கித் தருவார்கள். வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். மராமத்துக்காகக் குளிர்காலத்தில் மதகுகள் மூடப்படும்.

பயணத்துக்குப் பேரழகு தந்தவை கரையோரப் பிளேன் மரங்கள். சுமார் 42,000 இருந்தன. பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் நட்டவை. 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. மருந்தில்லாததால் நோயுற்ற மரங்களை வெட்டி எரிக்கிறார்கள், பல்லாயிரம் போய்விட்டன. இம்முறை ஒரே இனத்தை நம்பாமல் பல வகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள்.