மீண்ட கருவூலமும் சுருங்கிய வாசலும்

1991 நெருக்கடியின் கதை நமக்கெல்லாம் பாடமாகச் சொல்லப்பட்டது. அதன் பாதியை நாம் மறுக்கவில்லை. வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் போட்டிருந்த வைப்புத்தொகை வெளியேறியது. எண்பதுகளில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. கையிருப்பு அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமென்ற நிலையில், அந்த ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் அயல்நாட்டு வங்கிகளுக்கு அடகாகப் போனது.

அதே ஜூலையில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. 24ஆம் தேதி புதிய தொழிற்கொள்கையும் மன்மோகன் சிங்கின் வரவுசெலவுத் திட்டமும் வந்தன. பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. அரசுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 17 தொழில்கள் 8 ஆயின. பலனும் கிடைத்தது. 1991-92இல் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வளர்ச்சி, மறு ஆண்டில் ஐந்தைத் தாண்டியது. அடகுக் கடன் அந்த ஆண்டுக்குள்ளேயே அடைக்கப்பட்டுவிட்டது.

மீண்டது யார் என்பதே நம் கேள்வி. உரிமக் காலத்தை நாம் பொற்காலம் என்று சொல்லவில்லை. உரிமமும் வங்கிக் கடனும் நம் சேரிக்கு வந்ததில்லை. வந்தது ஒன்றுதான்: அரசு வேலை. ரயில்வே, வங்கி, உருக்காலை, துறைமுகம் ஆகியவற்றின் சம்பளச் சீட்டுதான் நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் படிக்க வைத்தது.

1990 ஆகஸ்டில் மண்டல் பரிந்துரை அறிவிக்கப்பட்டது. 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நாற்காலியில் யார் உட்காருவது என்று நாடு கொதித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலிகளின் எண்ணிக்கையே குறையத் தொடங்கியது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 1991 வாக்கில் ஏறக்குறைய 22 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இருபது ஆண்டுகளில் அது 14 லட்சம் அளவுக்கு இறங்கியது. இடஒதுக்கீட்டுச் சட்டத்தை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் வரவில்லை. விருப்ப ஓய்வு, நிரப்பாத காலியிடம், ஒப்பந்த முறை ஆகியவையே போதுமானவையாக இருந்தன. நகராட்சித் துப்புரவைப் பாருங்கள்: துடைப்பம் நம் கையிலேயே இருக்கிறது, நிரந்தரப் பணியும் ஓய்வூதியமும் போய்விட்டன.

ரூபாயின் சிக்கல் குறித்து 1923இல் நூல் எழுதிய அண்ணல் அம்பேத்கர், நாணய மதிப்பு வீழும்போது விலை ஏறும், கூலி அதே வேகத்தில் ஏறாது, முதலாளியின் ஆதாயம் தொழிலாளியின் இழப்பிலிருந்தே வருகிறது என்று காட்டினார். ஒவ்வொரு சீர்திருத்தத்திடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது: இந்த ஆதாயம் யார் மடியிலிருந்து எடுக்கப்படுகிறது?

நெருக்கடியைத் தீர்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தீர்வின் விலையை ஒரு சாராரே கட்டக் கூடாது என்கிறோம். தனியார் துறையிலும் பங்கு வேண்டும் என்று 2002 போபால் பிரகடனம் கேட்டது அதனால்தான். அடகுபோன தங்கத்துக்குக் கணக்கு எழுதி வைத்தார்கள், மீட்டார்கள். நாம் இழந்த வேலைகளின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். மாணவத் தோழர்களே, அந்த வேலையை உங்கள் ஊர் நகராட்சியிலிருந்தே தொடங்குங்கள்.