கணக்கில் வராத சாவுகள்

எங்க சின்னம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் சீட்டில் தெருப்பெயரைப் பார்த்தார். அப்புறம் கையில் தராமல் மாத்திரையை மேசைமேல் வைத்துத் தள்ளினார். உடம்பைப் பார்க்குமுன் தெருவைப் பார்க்கிற இந்தக் கண் நம்ம ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் குழு போட்டே பார்த்திருக்கிறார்கள்.

1960இல் சியாட்டில் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையின் தமனியையும் சிரையையும் டெஃப்லான் குழாயால் நிரந்தரமாக இணைத்தார். அதுவரை ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ரத்தக்குழாயை அறுக்கவேண்டும். சீக்கிரமே அறுக்க இடமில்லாமல் போகும். இனி சிறுநீரகம் செத்தவரும் வருசக்கணக்கில் வாழலாம். ஆனால் 1962இல் திறந்த மையத்தில் படுக்கைகள் சிலதான். ஓர் ஆளுக்கு வருசச் செலவு 10,000 டாலருக்கு மேல்.

முதலில் மருத்துவர்கள் வடிகட்டினார்கள்: குழந்தைகள் வேண்டாம், 45 வயது தாண்டியவர்கள் வேண்டாம். மிச்சப்பேரின் உயிர் ஏழு பேர் கையில். வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், குடும்பத்தலைவி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். சொத்து, படிப்பு, வேலை, பிள்ளைகள் எத்தனை, சர்ச்சுக்குப் போகிற ஆளா என்றெல்லாம் எடைபோட்டார்கள். 1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியதும் ஊர் அதிர்ந்தது. குழு தன்னைப்போன்றவர்களையே பிழைக்கவைக்கிறது என்று விமர்சனம் எழுந்தது. அந்த ஏழு பேரும் கெட்டவர்களில்லை, அதுதான் சங்கதி. பக்கத்து வீட்டுக்காரராகக் கற்பனை செய்ய முடிந்தவரைத்தான் அவர்களால் மனிதராகப் பார்க்க முடிந்தது.

1972இல் சட்டம் வந்தது. டயாலிசிஸ் செலவை அரசின் மெடிகேர் ஏற்றது. காசு வந்தவுடன் குழுவுக்கு வேலையில்லை! ஏழு பேரின் மனசாட்சியைக் காசு எவ்வளவு லேசாக விடுவித்தது பாருங்கள்.

ஆனால் மாற்றுச் சிறுநீரகம் காசு கொடுத்தாலும் எல்லாருக்கும் கிடையாது. அங்கே தெரு வேறு உருவில் வந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்திலிருந்து கணக்கிட 1999இல் ஒரு சூத்திரம் செய்தார்கள். ஆள் கறுப்பர் என்றால் விடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும். அவர்கள் உடம்பில் தசை அதிகம் என்பது அதற்குச் சொன்ன காரணம். வெள்ளையருக்கு 20 காட்டுகிற அதே ரத்தம் கறுப்பருக்கு 24 காட்டும். டயாலிசிஸ் தொடங்குமுன்னே காத்திருப்புப் பட்டியலில் இடம்பிடிக்க 20க்கு இறங்கவேண்டும். நாலு புள்ளி இறங்கும்வரை உடம்பு கெட்டுக்கொண்டே இருக்கும், நாள் போய்க்கொண்டே இருக்கும்.

2021இல் அந்தப் பெருக்கலை விட்டார்கள். 2023இல், இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பர்களுக்குத் திருப்பித்தரும்படி மருத்துவமனைகளுக்கு ஆணை போனது. பட்டியலில் இருந்தவர்களுக்கு நாள் கூடியது. பட்டியலில் ஏறுமுன்னே செத்தவர்கள் அந்தத் திருத்தத்துக்குள் வரவில்லை.